ஒருவருக்கு எழுதிய வலி மாத்திரை

(சங்கத்தின் பொன்விழா ஆண்டையொட்டி கம்போங் ராஜாவில் நடந்த குடும்ப தினத்தில், நலப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



இந்த ஐம்பது ஆண்டுகளும் நம்மைச் சேர்த்து வைத்திருப்பது பகிர்ந்து உண்ணும் பழக்கம்தான். ஒரு வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சினால் அடுத்த வீட்டுக்கு ஒரு வாளி போகும். குர்பானி இறைச்சியும் அப்படித்தான். இந்த நல்ல பழக்கத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "முட்டி வலியா? எனக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை மிச்சம் இருக்கு, ரெண்டு போட்டுப் பாருங்க மாமி." இதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

வலி பொய்யில்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்து தேயிலைச் சரிவில் ஏறி இறங்கிய முட்டிகள் இங்கே எத்தனையோ. காய்கறித் தோட்டத்தில் குனிந்தே இடுப்பு போனவர்களும், கடையில் காலை முதல் இரவு வரை நின்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மலைக் குளிரில் மூட்டு இன்னும் இறுகிக்கொள்கிறது. ஆகவே மாத்திரையே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மில் ஒரு பெரியவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும், உடம்பு நீரை இறக்க ஒரு மாத்திரையும் சாப்பிட்டு வந்தவர். ரமலானில் தராவீஹ் நின்று தொழ முட்டி விடவில்லை. தெரிந்தவர் ஒருவர் அன்போடு தன் வலி மாத்திரையைக் கொடுத்தார். ஸஹரில் ஒன்று, நோன்பு திறந்து ஒன்று. வலி பறந்தது. பெரியவருக்கு ஒரே சந்தோஷம். இரண்டு வாரத்தில் கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் பாதி வேலைதான் செய்தது. உடனே மாத்திரையை நிறுத்தியதால் அல்லாஹ்வின் கிருபையால் தேறினார். ஆனாலும் இன்றுவரை பரிசோதனைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். மாத்திரை கொடுத்தவருக்கோ அந்தக் குற்ற உணர்வு இன்னும் ஆறவில்லை.

ஏன் அப்படி ஆனது? டைக்ளோஃபினாக், மெஃபெனாமிக் ஆசிட், இப்யூப்ரோஃபென், எட்டோரிகோக்சிப் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். முட்டியில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஒரு பொருளை அவை குறைக்கின்றன. அதே வகைப் பொருள்தான் வயிற்றின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் தடையின்றிப் போகவும் வழிசெய்கிறது. மாத்திரைக்கு முட்டி எது, சிறுநீரகம் எது என்று தெரியாது. சிலவகை ரத்த அழுத்த மாத்திரையும் நீர் இறக்கும் மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் நெருக்கடி. அதோடு 13 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் இல்லாத நோன்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? மாத்திரை கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அவருக்கு அந்த மற்ற இரண்டு மாத்திரைகளும் இல்லை. அவ்வளவுதான்.

நம் நாட்டில் டைக்ளோஃபினாக், மெஃபெனாமிக் ஆசிட் மாத்திரைகள் 1952-ஆம் ஆண்டு சட்டப்படி 'ராச்சுன்' பட்டியலில் இருப்பது இதனால்தான்.

"சாப்பிட்டுவிட்டுத்தானே போடுகிறேன்" என்பார்கள். சாப்பிட்டபின் போடுவது நல்லதுதான், எரிச்சல் குறையும். ஆனால் மருந்து ரத்தத்தில் கலந்தும் வயிற்றைப் பாதிக்கிறது. ஊசியாகப் போட்டாலும் அந்த ஆபத்து உண்டு. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் கண்டாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், ஏற்கெனவே வயிற்றுப்புண் வந்தவர்கள், கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டெங்கி என்று சந்தேகப்படும் காய்ச்சலுக்கு இந்தக் குடும்பத்து மாத்திரையைத் தொடவே கூடாது.

அடுத்தது பெயர் குழப்பம். ஊருக்குப் போய் வரும்போது பெட்டியில் வலி மாத்திரை வாங்கி வருகிறோம். அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர், உள்ளே இருப்பது ஒரே மருந்து. ஊரில் விற்கும் சில மாத்திரைகளில் டைக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கின்றன. அதைப் போட்டு, மேலே இரண்டு பனடாலும் போட்டால் பாராசிட்டமால் இரட்டிப்பு. பெரியவர் ஒருவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடவே கூடாது. ஈரல் பலவீனமானவருக்கு அந்த எட்டே அதிகம். அட்டையின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

டிராமடோல் வேறு வகை. அது தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரும். அதைப் போட்டுக்கொண்டு சிம்பாங் பூலாய் இறக்கத்தில் வண்டி ஓட்டாதீர்கள். தூக்க மாத்திரையோடு அதைச் சேர்த்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

சந்தையில் விற்கும் ஜாமு, மஜூன் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நாளில் வலி போய்விட்டால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும். பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாதம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் பொட்டலத்தோடு போங்கள்.

ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் கேளுங்கள். மூன்று வேளை மருந்தை நோன்புக்கு ஏற்றபடி மாற்ற முடியுமா என்பதை அவர்கள் சொல்வார்கள். நாமாக இரண்டு வேளையை ஒன்றாக்கக் கூடாது. முட்டிக்கு மேலே தடவும் ஜெல் பலருக்குப் போதும், அது நோன்பை முறிக்காது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழவும் மார்க்கம் இடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பெரியவர் இப்போது நாற்காலியில் அமர்ந்துதான் தொழுகிறார், முன் வரிசையின் ஓரத்தில்.

வீட்டில் மிச்சம் கிடக்கும் மாத்திரைகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம், சிங்க்கிலும் கொட்ட வேண்டாம். அரசாங்க கிளினிக்கின் மருந்து முகப்பில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த முறை போகும்போது ஊர் மாத்திரை, ஜாமு உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய் அங்கே காட்டுங்கள். மலாய் பேசத் தயங்கும் பாட்டிமார்களோடு வர எங்கள் பிரிவில் ஆள் இருக்கிறது, சொல்லி அனுப்பினால் போதும்.