பெயின்டுக்கு அடியில் இருப்பது

இன்று வெல்டர் சான்றிதழ் பெறும் தம்பி தங்கைகளே,

ஐ.டி.ஐ.களில் நடக்கும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கென நாடு தழுவிய பட்டமளிப்பு விழா முதன்முதலாக நடந்தது 2022 செப்டம்பர் 17 அன்றுதான். தாமதமாக வந்த மரியாதை; ஆனால் உங்களுக்கு முழுக்க உரிய மரியாதை.

இன்று காலை கொடைக்கானல் தூண் பாறைக்குப் போயிருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு தாய் தடுப்புக் கம்பியில் சாய்ந்து, மேகம் விலகக் காத்து நின்றார். கம்பிக்கு அப்பால் பெரும்பள்ளம். அந்தக் கம்பியைப் பற்றவைத்தவர் யாரென்று அந்தத் தாய்க்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கையை நம்பித்தான் சாய்ந்திருந்தார். உங்கள் தொழில் என்னவென்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

கொடைக்கானல் மேகம் பட்டறைக்குள்ளும் வரும். பிரித்துவைத்த வெல்டிங் ராடு ஈரத்தைக் குடிக்கும். அந்த ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன், உருகிய இரும்பில் கலந்து, ஆறும்போது உள்ளே நுண்துளையாகவும் வெடிப்பாகவும் தங்கிவிடும். மேலே கிரைண்டர் ஓட்டி, பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பாரம் ஏறும் நாளில் தெரியும். அதனால்தான் 7018 ராடை ஓவனில் காயவைக்காமல் தொடாதே என்று உங்கள் ஆசிரியர் தினமும் சொன்னார்.

1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் ரிவெட்டுகளால் இணைந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம் முழுவதும் வெல்டிங் இணைப்புகளால் ஆனது. உப்புக்காற்றின் நடுவே ரயிலைத் தாங்குவது உங்கள் தொழில். 1975 முதல் திருச்சியில் இதற்கென்றே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கற்க வேண்டியது இன்னும் நிறைய உண்டு. இந்தச் சான்றிதழ் முதல் படி.

தம்பி, தங்கைகளே, மூன்றே வேண்டுகோள். முகக்கவசம் இல்லாமல் ஆர்க் அடிக்காதீர்கள். இரவெல்லாம் கண்ணில் மணல் அள்ளிப்போட்டாற்போல் உறுத்தும் வலி வேண்டாம். ஸ்லாக்கைத் தட்டி, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யாமல் அடுத்த பாஸ் ஓட்டாதீர்கள். இணைப்பு சரியில்லை என்று உங்கள் மனத்துக்குப் பட்டால், முதலாளி அவசரப்படுத்தினாலும் வெட்டியெடுத்துத் திரும்பப் போடுங்கள்.

நீங்கள் செய்யும் கம்பியில் நாளை யாரோ ஒருவர் குழந்தையோடு சாய்வார். அவரை நினைத்து ராடைக் கையில் எடுங்கள். வாழ்த்துகள்.