ஆண்டவரா, ஆண்டையா?

(தலித் கிறிஸ்தவ மாணவர் முகாம் ஒன்றில் பேசியதன் சுருக்கம்)



"அன்றாட வாழ்வில் விசுவாசம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் நாம கேட்டுக் கேட்டுச் சலித்த பிரசங்கம் ஒண்ணு இருக்கு. பொறுத்துக்கோ, ஜெபம் பண்ணு, பரலோகத்துல எல்லாம் சரியாயிடும். சேரிக்கு இதைச் சொன்னவர்கள் ஊர்த்தெருவுக்கு என்ன சொன்னார்கள்? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சாதிச் சுவர் எழுப்பினார்கள். "இந்தச் சாமியே வேணாம், விட்டுட்டு வாங்க" என்று சில தோழர்கள் சொல்வதில் நியாயமான கோபம் இருக்கிறது. ஆனால் விசுவாசத்தையும் சேர்த்துச் சுவர் கட்டியவனிடம் கொடுத்துவிட்டு வர எனக்குச் சம்மதமில்லை.

நம் மொழியில் ஆண்டை, ஆண்டவர் என்று இரண்டு சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் ஆளுகிறவனைக் குறிப்பவை. ஜெபத்தில் ஒருவரை ஆண்டவர் என்று கூப்பிட்டவன், களத்துமேட்டில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இன்னொருவனை ஆண்டை என்று கும்பிட முடியாது. இரண்டில் ஒன்று பொய். விசுவாசத்தில் வளர்வது என்றால், அந்தப் பொய்யை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான்.

இது லேசான காரியமில்லை. யாத்திராகமத்தைப் பாருங்கள். எகிப்தை விட்டு வெளியே வந்த அடிமைகள், பசி எடுத்ததும் பழைய எசமான் நாட்டு இறைச்சிச் சட்டியை நினைத்து அழுதார்கள். நம்ம சனங்களுக்கும் ஆண்டை வீட்டுக் கூழ் ஞாபகம் வரும். அங்கே மன்னா எப்படிக் கிடைத்தது? அன்றன்றைக்கு வேண்டிய அளவு. அதிகம் சேர்த்தவனுக்கு மிச்சமில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. மறுநாளைக்கு என்று பதுக்கியதில் புழு நெளிந்தது. கடவுளை நம்புவதும் கிடைத்ததைப் பங்கு போடுவதும் அங்கே ஒரே பாடம். மதுரை இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன, 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை அண்ணன், இதைத்தான் "ஒரே உலை" என்றார். கடவுளை "பெத்தவரே" என்று கூப்பிட்டுப் பாட்டுக் கட்டினார். பெத்தவங்க வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தனித் தம்ளர் ஏது?

சரி, ஜெபம்? லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். கையில் காசில்லை, பின்னால் ஆளில்லை. நீதிபதியோ கடவுளுக்கும் பயப்படாதவன், மனுசனையும் மதிக்காதவன். அவள் விடாமல் அவனிடம் போனாள். இவ தொல்லை தாங்கலை என்றுதான் கடைசியில் அவன் நியாயம் வழங்கினான். சோர்ந்து போகாமல் ஜெபம் பண்ண வேண்டும் என்பதற்கு இயேசு சொன்ன கதை இது. கதையை முடிக்கும்போது விசுவாசத்தைப் பற்றித்தான் கேட்கிறார். அந்தப் பொம்பளை நீதி கேட்டு நடந்த நடைக்கு அவர் வைத்த பேர் அது.

நம் நடையும் அப்படித்தான். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாத யாரும் பட்டியல் சாதியில்லை என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. இரண்டு தடவையும் நம்மை வெளியிலேயே நிறுத்தினார்கள். அந்தத் தடையை எடுக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரித்துத் தெருவில் நின்ற ஆத்தாமார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் ஜெபமாலையும் இருந்தது, கொடியும் இருந்தது. எது ஜெபம், எது போராட்டம் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

நீங்கள் ஊருக்குத் திரும்பியதும் பெரிய காரியம் எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசையில் உட்காருங்கள். பங்குப்பேரவையில் நம் தெருவுக்கு இடம் கேளுங்கள். தேர் ஏன் நம்ம தெருவுக்கு வரலைன்னு கேளுங்கள். பயம் வரும். அந்த நேரத்தில் ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

ஜெய்பீம்.