இணைந்த உழைப்பும் ஓய்வும்



கணினித் துறையிற் புகவிருக்கும் மாணவர்கள் நாங்கள். அத்துறையில், இருவர் ஒரே கணினியின் முன் அமர்ந்து செய்நிரல் எழுதும் முறை ஒன்றுண்டு. ஒருவர் எழுத, மற்றவர் வரிக்கு வரி கவனித்துப் பிழை காண்பார். சிறிது நேரத்தில் இடம் மாறுவர். பிழைகள் பிறந்த இடத்திலேயே பிடிபடும். ஒருவர் அறிந்தது இருவர்க்கும் சொத்தாகும்.

ஆயினும் இம்முறையில் மனம் சற்றும் அயர்ந்திருத்தல் இயலாது. ஆதலாற் களைப்பும் விரைவில் வரும். இதனைப் பரப்பிய அமெரிக்கர் கென்ற் பெக், 1999இல் வெளியிட்ட நூலில், வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும் உடன் விதித்தார். 2004இல் வந்த இரண்டாம் பதிப்பில், நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணி நேரத்துக்கு மேல் இணைந்தெழுதல் பெரும்பாலோர்க்கு இயலாதென்றார்.

களைத்தபின் நிகழ்வது யாது? ஒருவர் எழுதுவார், மற்றவர் வெறுமனே தலையசைப்பார். இருவர் இருந்தும் காவல் இல்லை. அன்றிரவு புகுந்த பிழையைத் தேடுவதிலேயே மறுநாள் கழியும்.

பெரியோர்களே, நள்ளிரவு வரை எரியும் விளக்கைக் கொண்டு எங்கள் முயற்சியை அளவிடாதீர்கள். நண்பர்களே, "களைத்துவிட்டேன்" என்று கூட்டாளியிடம் சொல்ல நாணாதிருப்போம். அது அவருக்கும் செய்யும் உதவியே. இடையிடையே எழுந்து நடப்போம். உரிய நேரத்தில் வேலையை நிறுத்துவோம். மறுநாளும் தெளிந்த மனத்தோடு வந்தமர்வோம்.