அடிக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க: பிள்ளைகளும் போதைப் பழக்கமும்

(செஞ்சியில் பெற்றோர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் மத்தியில் பேசியதின் எழுத்து வடிவம்)

வேலையை விட்டுட்டு வந்திருக்கிற அம்மாக்கள், அப்பாக்கள், ஆசிரியர்கள் எல்லோருக்கும் நன்றி.

நம்ம செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படைக்கு 1690-ல இருந்து 1698 வரைக்கும் ஆச்சு. மூணு மலையையும் சேர்த்துக் கட்டின மதில் அப்படி. ஆனா இன்னைக்கு நாம பேசப்போற எதிரி மதில் ஏறி வர்றதில்லை. கூடப் படிக்கிற பையனோட சட்டைப் பாக்கெட்டுல வருது.

போதைன்னா கஞ்சா மட்டும்தான்னு நினைக்க வேண்டாம். உதட்டுக்குள்ள அடக்கி வைக்கிற, பசங்க 'கூல் லிப்'னு சொல்ற புகையிலைப் பொட்டலம் இருக்கு. டாக்டர் சீட்டு இல்லாம வாங்குற வலி மாத்திரை இருக்கு. பஞ்சர் ஒட்டுற பசை, தின்னர், பெட்ரோல் இதையெல்லாம் முகர்ந்து பார்க்கிற பழக்கமும் இருக்கு. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல வெளியான தேசிய ஆய்வு, இப்படி முகரும் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுற பிள்ளைகள் நாடு முழுக்க சுமார் 4.6 லட்சம் பேர்னு கணக்கிட்டிருக்கு. பெரியவங்களை விட சின்னப் பிள்ளைகளிடம் அதிகமா இருக்கிற ஒரே போதை இதுதான்.

எதைக் கவனிக்கணும்?

கண் சிவந்திருக்கிறது, துணியிலோ மூச்சிலோ பசை வாடை, உதட்டின் உள்பக்கம் புண், வெயில்லயும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறது, வீட்டுல சில்லறை காணாமப் போறது, பழைய நண்பர்களை விட்டு விலகுறது, திடீர்னு மதிப்பெண் குறையுறது. இதுல ஒண்ணு மட்டும் இருந்தா முடிவு கட்டாதீங்க. வயசுக் கோளாறா இருக்கலாம், வேற உடம்புப் பிரச்சினையா இருக்கலாம். பல மாற்றங்கள் ஒண்ணா வந்து சில வாரம் நீடிச்சா, பேச வேண்டிய நேரம் வந்தாச்சு.

எப்படிப் பேசணும்?

போதையில இருக்கும்போது வேண்டாம். மறுநாள் தெளிவா இருக்கும்போது, தனியா, தம்பி தங்கச்சி முன்னாடி இல்லாம. "மாட்டிக்கிட்டியா"ன்னு ஆரம்பிக்காம, "கொஞ்ச நாளா நீ சரியா இல்லை, என்னப்பா ஆச்சு?"ன்னு கேளுங்க. பதில் வர்றதுக்குக் காத்திருங்க.

பசையோ தின்னரோ முகர்றதைப் பார்த்தா விரட்டாதீங்க, அடிக்காதீங்க. அந்த நேரத்துல பயமும் ஓட்டமும் சேர்ந்தா இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். முதல் தடவை முகர்ந்தவங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மெதுவா காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிட்டு வாங்க. மயங்கி இருந்தா, மூச்சு விட்டுட்டு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. என்ன சாப்பிட்டான்னு தெரிஞ்சா டாக்டரிடம் மறைக்காம சொல்லுங்க.

"வெளியே தெரிஞ்சா மானம் போயிடுமே?"

நிறைய வீட்டுல இந்தப் பயம்தான் வாயைக் கட்டுது. விற்கிறவனுக்கு நம்ம மௌனம்தான் பாதுகாப்பு. சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கோங்க.

• இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77: டாக்டர் உத்தரவு இல்லாம 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மது, போதைப்பொருள், புகையிலை கொடுத்தா 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளைகளை விட்டு விற்க வெச்சாலும், கடத்த வெச்சாலும் பிரிவு 78-ல் இதே அளவு தண்டனை.

• போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985, பிரிவு 64ஏ: சிறிய அளவு வைத்திருந்து பயன்படுத்தினவர் தானா முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்துல சிகிச்சை எடுத்தா, வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில விடக்கூடாது.

• பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள்ள, அதாவது சுமார் 90 மீட்டருக்குள்ள, எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக்கூடாது.

அதனால விற்கிறவனைப் பத்தி போலீசுக்குச் சொல்லுங்க, பிள்ளையை டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. நமக்குப் பக்கத்துல முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. அங்க மனநலப் பிரிவுல கேளுங்க. இதுவும் சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி சிகிச்சை தேவைப்படுற ஒரு நோய்தான். ஒரு தடவை விட்டுட்டு மறுபடி தொட்டுட்டாலும் நம்பிக்கையை விடாம திரும்பக் கூட்டிட்டுப் போங்க.

இப்பவே உங்க போன்ல பதிஞ்சுக்கோங்க

10581: போதைப்பொருள் விற்பனை பற்றிப் புகார்
14446: போதை மீட்பு ஆலோசனை
1098: குழந்தைகள் உதவி எண்
108: அவசர ஆம்புலன்ஸ்

இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது டிவியையும் போனையும் ஓரமா வெச்சுட்டு, பிள்ளைகிட்ட பத்து நிமிஷம் பேசுங்க. சந்தேகம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.