மரத்தின் தலையை வெட்டுமுன் காலைப் பாருங்கள்

(மும்பை உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1896-ல் பம்பாயை பிளேக் நோய் உலுக்கியது. அதன் விளைவாக 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு வந்தது. ஜனங்களுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்க வேண்டும் என்று அது திட்டமிட்ட பகுதிகளில் ஒன்றுதான் தாதர்-மாதுங்கா. ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் மே மாத வெயிலிலும் குடையில்லாமல் நடக்க முடிகிறது என்றால், அந்த நாளைய புண்ணியம்.

2018-ல் வெளியான கணக்கெடுப்பின்படி மும்பையில் சுமார் 29 லட்சத்து 75 ஆயிரம் மரங்கள். அவற்றில் பாதிக்கு மேல் தனியார் வளாகங்களில் நிற்கின்றன. சாலையோர மரத்தை மாநகராட்சி பார்த்துக்கொள்ளும். காம்பவுண்டுக்குள் இருப்பதை சொஸைட்டிதான் தன் செலவில் பார்க்க வேண்டும்.

பயம் நியாயமானதே. 2017 ஜூலையில் செம்பூரில் நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணி மேல் தென்னை மரம் விழுந்து அவர் உயிரிழந்தார். அந்த மரத்தை வெட்ட முன்பே அனுமதி கேட்டு மறுக்கப்பட்டது என்று பத்திரிகைகள் எழுதின. 2021 மே 17 அன்று டவ்தே புயலின்போது கொலாபாவில் காற்று மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. நகரமெங்கும் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சென்னை அங்கத்தினர்களுக்கு 2016 டிசம்பர் 12, வர்தா புயல் மறந்திருக்காது.

இப்படி ஒரு செய்தி வந்ததும் கமிட்டி என்ன செய்கிறது? ரம்பமும் கயிறுமாக ஆட்களை வரவழைத்து மரத்தை மொட்டையடிக்கிறது. பார்ப்பதற்குப் பத்திரமாகத் தெரியும். இலைதான் மரத்துக்குச் சமையலறை. அதை எடுத்துவிட்டால், பட்டினி கிடக்கும் மரம் அவசர அவசரமாகக் கொத்துக் கொத்தாகக் கிளை விடும். அந்தக் கிளைகளுக்குப் பிடிப்பு கிடையாது. வெட்டிய பெரிய புண்ணின் வழியே பூஞ்சை உள்ளே போகும். சில வருஷங்களில் அதே மரம் நிஜமாகவே ஆபத்தானதாகிவிடும். தெருப்பக்கம் மட்டும் கழிப்பது இன்னும் மோசம்; பாரமெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். காய்ந்ததையும் ஒடிந்ததையும் மட்டும் எடுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சிறு வீக்கம் இருக்கும். அதைச் செதுக்காமல், அதற்கு வெளியே வெட்டினால் மரம் தானே புண்ணை மூடிக்கொள்ளும். தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம்.

ஆனால் வியாதி பெரும்பாலும் தலையில் இல்லை, காலில் இருக்கிறது. மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் வேர் போகும் என்று நினைக்கிறோம். போகாது. உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கிறது. அதன் மேல்தான் கார் நிறுத்த பேவர் பிளாக் பதிக்கிறோம். சாக்கடைக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது தாங்கும் வேரையே அறுத்துவிடுகிறோம். ஜூலை மழையில் மண் ஊறியதும், தூங்குமூஞ்சியோ குல்மொஹரோ, காற்றுக்கு அப்படியே சாய்கிறது. அமாசோமவாரத்தன்று அரச மரத்தை 108 பிரதக்ஷிணம் செய்கிறோம். அதே மரத்தடியில் பளிங்குக் கல் பதிக்க நன்கொடையும் கொடுக்கிறோம்!

டில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் கான்கிரீட் இல்லாமல் விட வேண்டும் என்று 2013-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நாமும் குறைந்தது அவ்வளவாவது விடலாம். உதிர்ந்த இலையைப் பெருக்கி எரிக்காமல் அங்கேயே பரப்பலாம், தண்டை ஒட்டிக் குவிக்காமல். மாமிகள் பூச்சி வரும் என்பார்கள். வரும், மண்புழுவும் வரும்.

பருவமழைக்கு முன் ஒருமுறை மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான், ஒரு பக்கம் மண் விரிசல், புதிதாக வந்த சாய்வு, தட்டினால் பொள்ளல் சத்தம் – இவை இருந்தால் நிபுணரைக் கூப்பிட வேண்டும்.

தென்னை வேறு ஜாதி. அதற்கு ஒரே குருத்து. தண்டில் வெட்டிய காயம் எந்நாளும் ஆறாது. ஏறுவதற்குப் படி செதுக்க விடாதீர்கள். அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பக்கம் பரவியதால் அந்தப் பெயர். அப்படிப்பட்ட மரத்தை வைத்துக்கொண்டு பகவான் மேல் பாரம் போடுவது சரியல்ல; எடுக்கத்தான் வேண்டும். நல்ல மரத்திலும் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் ஜூனுக்கு முன் இறக்கிவிடுங்கள்.

சொந்த இடமானாலும் அனுமதியில்லாமல் வெட்டுவது 1975-ம் வருஷத்து மகாராஷ்டிரச் சட்டப்படி குற்றம். 2021 திருத்தத்தின்படி 50 வயது கடந்தது பாரம்பரிய மரம். அதை வெட்டினால் அதன் வயது எத்தனையோ அத்தனை கன்றுகள் நட வேண்டும். அறுபது கன்று நட்டாலும் நம் ஆயுசில் அந்த நிழல் திரும்பாது. ஆகவே பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், எந்த மரம் எங்கே நிற்கும் என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் பில்டர் சிரிப்பார்.

மாதுங்காவாசிகள் எஃப் நார்த் வார்டிலும், செம்பூர்வாசிகள் எம் வெஸ்ட் வார்டிலும் உள்ள தோட்ட இலாகாவில் விண்ணப்பிக்க வேண்டும். மரத்தின் நான்கு பக்கமும், அடித்தண்டும் தெரியும்படி போட்டோ இணையுங்கள். மழைக்காலம் நெருங்கினால் அங்கே கூட்டம் அதிகம். மார்ச்சிலேயே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி சொஸைட்டி ஃபைலில் வையுங்கள்.