முப்பது வீட்டில் முப்பது ‘ஓம்’



வன்னியில் எந்த வீட்டுப் படலையைத் திறந்தும், “வறுத்த அரிசிமா பைக்கற்றில் போட்டு விற்கப்போறன், வாங்குவியளோ?” என்று கேட்டுப் பாருங்கள். கதிரை வரும், தேத்தண்ணி வரும், “ஓம் பிள்ளை, கட்டாயம் வாங்குவம்” என்ற பதிலும் வரும். முப்பது வீட்டில் முப்பது ‘ஓம்’. அதை நம்பிக் கடனெடுத்து மெஷின் வாங்கினால், மூன்றாம் மாதம் மாவில் வண்டு பிடிக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. தேடி வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாது, அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்துக்கும் இதுதான் நடந்தது. மலிவு விலையில் மாதவிடாய் நாப்கின் செய்து, மருத்துவக் கல்லூரி மாணவிகள் இருபது பேரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். கருத்து எழுதிய தாள்களை வாங்கப் போன அன்று பார்த்தால், மூன்று பிள்ளைகள் குந்தியிருந்து எல்லாத் தாளையும் தாங்களே நிரப்பிக்கொண்டிருந்தார்கள்! கடைசியில் பந்தின் உள்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பி, நாப்கினைத் தானே அணிந்து நடந்து பார்த்தார். ஊர் சிரித்தது. 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதனால் ‘வாங்குவியளோ’ என்பதை விடுங்கள். போன கிழமை எத்தனை நாள் புட்டு அவிச்சியள், மா எங்கால வந்தது, காசுக்கோ கொப்பிக்கோ என்று கேளுங்கள். அப்போதுதான் தெரியும், உங்களுக்குப் போட்டி பக்கத்துக் கடை இல்லை, அந்த வீட்டு அடுப்பில் இருக்கிற தாச்சி என்று.

இன்னொன்று. இரணைமடுத் தண்ணி பாயும் பக்கங்களில் மாசி, பங்குனியில் காலபோக நெல் வெட்டியபின் கையில் காசு புழங்கும். ஆனால் அப்போது வீட்டில் நெல்லும் மூட்டையாய்க் கிடக்கும். உங்கள் மா எதற்கு? ஐப்பசி, கார்த்திகையில் காசெல்லாம் வயலுக்குள் போயிருக்கும். ஆக, வாங்கும் ஆள் கமக்காரர் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம். அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியப்புறம் பஸ் ஏறும் பிள்ளைகளையும், வாடகை அறையில் தனியே சமைக்கும் ஆசிரியர்களையும் கேட்டீர்களா?

கேட்டு முடிந்ததும் இருபது பைக்கற் மட்டும் வீட்டுத் தாச்சியிலேயே வறுத்து, சந்தைக்குக் கொண்டுபோங்கள். இனாமாக ஒன்றும் வேண்டாம், காசுக்கு மட்டும். மாமியும் சித்தியும் வாங்கியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் கிழமை மற்றவர்களும் முகத்துக்காக வாங்கியிருப்பார்கள். அடுத்த கிழமை, முன்பின் தெரியாத ஒரு அம்மா வெறும் பைக்கற்றை மடித்துக் கொண்டுவந்து, “பிள்ளை, இந்த மா இன்னும் இருக்கோ?” என்று கேட்கிறாவா, பாருங்கள்.