பூட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். தண்ணீர் லாரிக் கணக்கு முடிந்து எல்லோரும் களைத்திருப்பதால் ஐந்தில் முடித்துக்கொள்கிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் எந்தக் கேள்வி வந்தாலும் யாராவது ஏஐ-யிடம் கேட்டு அப்படியே ஒட்டிவிடுகிறோம். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆங்கில நோட்டீஸைப் புரிந்துகொள்ள, புகார்க் கடிதம் எழுத நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் பூட்டைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்போம் இல்லையா, அதை இதற்கும் செய்யவேண்டும்.

விடை தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டேன். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு எப்போது கிடைத்தது? 2019 என்றது. சரி. உடனே, "இல்லையே, 2009 தானே?" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வதுதான் சரி" என்றது! இழுத்த உடனே திறந்துகொண்டது.

பூட்டு என்றால் சிரித்துவிடலாம். எங்கள் பிளாக்கில் ஒரு அக்கா காலையில் சர்க்கரை மாத்திரை போட மறந்துவிட்டார். "ராத்திரி ரெண்டாப் போட்டா சரியாயிடும்தானே?" என்று கேட்டிருக்கிறார். "ஆம்" என்று பதில். நல்லவேளை, போடுமுன் டாக்டருக்குப் போன் செய்தார். சில மாத்திரைகளை அப்படிப் போட்டால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி மயக்கமாகிவிடும். பிறகு நான் அதே செயலியில், "காலை மாத்திரையை மறந்துவிட்டேன், என்ன செய்வது?" என்று மட்டும் கேட்டேன். சேர்த்துப் போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள் என்றது. நாம் கேள்விக்குள்ளேயே பதிலை வைத்தால் அது தலையாட்டிவிடுகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. சாட்ஜிபிடி அளவுக்கு மீறி ஜால்ரா போடுகிறது என்று 2025 ஏப்ரலில் அந்த நிறுவனமே ஒரு புதிய பதிப்பைத் திரும்பப் பெற்றது. நியூயார்க்கில் ஒரு வக்கீல் அது சொன்ன தீர்ப்புகளைப் பார்த்து, "இதெல்லாம் உண்மையா?" என்று அதனிடமே கேட்டார். உண்மை என்றது. அவற்றில் பல நிஜமே இல்லை. 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம். பூட்டையே கேட்டால் பூட்டியிருக்கிறேன் என்றுதானே சொல்லும்?

நமக்கு இப்போது பைலா திருத்தம் வருகிறது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் போய், 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஏஐ பதில் பழைய சட்டத்தைப் பார்த்துச் சொன்னதாகவும் இருக்கலாம். எனவே எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அரசு வெளியிட்ட பிரதியில் பார்த்துவிட்டுக் குழுவில் போடுங்கள். ஆதார் எண், வங்கி விவரம், குடியிருப்போர் பட்டியல் எதையும் அதில் ஏற்றாதீர்கள்.

மாத்திரை சந்தேகத்தைக் குழுவிலும் கேட்கவேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். வடை ஆறுகிறது, வாருங்கள்.